உசிலை மரத்தடி டப்பா

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடித்து இன்னும் கைகூட கழுவவில்லை. போனில் ஒரு மெசேஜ்.

"மேடம், உங்க டப்பா அங்க இல்லை. அந்த இடத்துல இப்ப பிளாட் நம்பர் நாற்பத்தேழு இருக்கு."

அனுப்பியவர் கோயம்புத்தூர்க்காரர். நேரில் பார்த்ததில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, வாடிப்பட்டி தாண்டி ஒரு காட்டுக்குள் நான் ஒளித்துவைத்த பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் காட்டையே காணோம். கலர் கலராகக் கொடி, சிமெண்ட் ஆர்ச், டை கட்டிய ஒரு சேல்ஸ்மேன். டப்பா இருக்கிற பக்கம் போகவே விடவில்லையாம். "அந்தப் பக்கம் மட்டும் வேணாம் சார்" என்று தள்ளிக்கொண்டு போய் ஏசி அறையில் உட்காரவைத்து பாதாம் பால் கொடுத்திருக்கிறான்.

"டப்பா கிடைக்கல மேடம். ஆனா பிரவுச்சர் கிடைச்சுது" என்று மெசேஜை முடித்திருந்தார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். உங்களில் பாதிப் பேர் "வேறு எதையாவது எழுதுங்கள் அம்மா" என்று கடிதம் போட்டாகிவிட்டது. தெரியும்.) ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு, பென்சில், சில்லறைச் சாமான்கள் போட்டு எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும். அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை ஆப்பில் போட்டுவிட வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தேடலாம். கண்டுபிடித்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, ஒரு சாமானை எடுத்துக்கொண்டு இன்னொன்றைப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அவ்வளவுதான். பரிசு கிடையாது. கைதட்டல் கிடையாது. "பெத்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல டிபன் பாக்ஸ் தொலைஞ்சப்பகூட நீ இப்படி அலையல" என்பார் என் வீட்டுக்காரர். உண்மைதான்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திவிட்டு ரிட்டயர் ஆனவள் நான். மூட்டு வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். பார்க்கில் வட்டம் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் இது. எனக்குக் கூட்டாளி ஜாபர் பாய். கீழவாசல் பக்கம் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். முதல் டப்பா வாங்கப் போனபோது "ஊறுகாய்க்கா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லை பாய், காட்டுல ஒளிச்சு வைக்க" என்றேன். ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். அடுத்த வாரம் என்னோடு காட்டில் இருந்தார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து மதுரையைச் சுற்றி ஏழு டப்பா வைத்தோம். இப்போது எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள்.

கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன். மாட்டுத்தாவணி தாண்டி ஒரு புங்கந்தோப்பில் வைத்தது முதலில் போனது. இப்போது அங்கே கார் ஷோரூம். கப்பலூர்ப் பக்கம் வேலமரங்களுக்கு நடுவில் வைத்தது குடோனுக்கு அடியில் புதைந்துவிட்டது. ஜிபிஎஸ் இன்னமும் அந்த சிமெண்ட் தரையைத்தான் காட்டுகிறது. ரிங் ரோடு ஓரத்தில் வைத்த இரண்டும் ஒரே மாதத்தில் காலி. வேறொன்றை நாய் கடித்துக் குதறியது, அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. இன்னொன்றை நானே எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன் — அதை விடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கிற ஆப்காரர்களிடமிருந்து மெயில் வரும். 'உங்கள் டப்பாவைப் பராமரிக்கவும்.' டப்பாவைப் பராமரிக்கலாம் ஐயா. டப்பா இருந்த மரத்தை, மரம் இருந்த காட்டை யார் பராமரிப்பது?

காடு என்றதும் புலியும் அருவியும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்துக் காடு என்றால் உசிலை, வெள்வேல், இலந்தை, இடுப்பளவு ஆவாரம், நாலு மயில். பார்க்க லட்சணமாக இருக்காது. முள் குத்தும். போட்டோ எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ அதைக் காடு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வருவதில்லை. வாடிப்பட்டிப் பக்கத்து இடத்தில் எல்லைக் கல் முளைத்த அன்றே நான் மனு எழுதினேன். ஒன்றல்ல, நாலு. அதில் வேலை நின்றுவிடும் என்று நம்பி டப்பாவை அங்கேயே விட்டிருந்தேன். கடைசியாக ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'மேற்படி நிலம் பட்டா தரிசு. அதில் மரங்கள் என எதுவும் பதிவில் இல்லை.'

பதிவில் இல்லை! அந்தப் பதில் வருவதற்கு முந்தின வாரம்கூட அதில் ஒன்றின் முள் என் காலில் ஏறியது. அதுவும் பதிவில் இருக்காது.

சரி, எனக்குச் சிரிப்பு வராத கதைக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டில் 'பயணி' என்று ஒன்று உண்டு. ஏதாவது ஒரு சின்னப் பொருள், அதில் ஒரு நம்பர் வில்லை கோத்திருக்கும். அதைக் கண்டெடுப்பவர் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் சொந்தக்காரர் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறாரோ, அந்தத் திசையில் அடுத்த டப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கை மாறி, நாடு மாறி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் உசிலை மரத்தடி டப்பாவில் அப்படி ஒரு பயணி இருந்தது. பித்தளை விசில். சொந்தக்காரர் யான் என்று ஒரு செக் நாட்டுக்காரர். ரயில்வே கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தன் ஊரை விட்டு நகர முடியாது. அதனால் விசிலை அனுப்பியிருக்கிறார். அது போகவேண்டிய ஊர் — கன்னியாகுமரி. சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூட அட்லஸில் இந்தியாவின் நுனியைப் பார்த்தாராம். ரயில் தண்டவாளம் கடலுக்கு முன்னால் நின்றுபோகிற இடத்தை ஒரு கார்டின் விசிலாவது பார்க்கவேண்டும் என்று ஆசை.

ஆறு வருஷமாகப் பல நாடு சுற்றி, சென்னை வந்து, சென்னையிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்து எங்கள் டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். மிச்சம் இருந்தது மதுரையிலிருந்து கன்னியாகுமரி. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. "நான் சேர்த்துவிடுகிறேன்" என்று யானுக்கு மெயில் போட்டது யார்? நானேதான்.

நாகர்கோவிலில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. போனேன். சீர்வரிசைத் தட்டு, பட்டுப்புடவை, மூட்டுவலித் தைலம் எல்லாம் ஞாபகமாக எடுத்து வைத்தேன். டப்பாவிலிருந்து விசிலை எடுக்க மறந்துவிட்டேன். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது!

அதன்பிறகு ஐந்து மாதம். யான் மாதம் ஒரு மெயில் போடுவார். கோபமாக இல்லை, அதுதான் கொடுமை. "என் விசில் சௌக்கியமா? அவசரமில்லை. என் டாக்டர் மட்டும்தான் அவசரப்படுகிறார்." நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? 'டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது.' ஒரு ரயில்வேக்காரரிடம் இப்படிப் பொய் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.

ஆக, பிளாட் நாற்பத்தேழில் காணாமல் போனது வெறும் டப்பா இல்லை.

மறுநாள் காலை ஜாபர் பாய் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். "மண்ணுக்குள்ள கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது டீச்சர். ஏர்டைட் டப்பா. நம்ம சரக்கு" என்று வழி நெடுக ஆறுதல் சொன்னார். ஜேசிபிக்கு ஏர்டைட் எல்லாம் தெரியுமா பாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் எனக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொட்டை. அடித்து மழித்த மாதிரி. மண் வெள்ளைவெளேர் என்று பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. மஞ்சள் கல், மஞ்சள் கல், மஞ்சள் கல். நடுவில் தார் போடாத ரோடு. ஆர்ச்சில் பெயர் எழுதியிருக்கிறார்கள் — 'பசுஞ்சோலை நகர்'. இருந்த சோலையை அடியோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, பெயரில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு வெட்கமே கிடையாதா?

ஒரே ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில்.

"டீச்சர்... அது நம்ம உசிலை" என்றார் ஜாபர் பாய்.

எங்கள் மரமேதான். சுற்றிலும் நாலு கம்பு நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கம்புகளில் வேப்பிலை. அடிமரத்தில் சிவப்புத் துணி. கயிற்றுக்கு வெளியே, நிழலில், கல் நடுகிற வேலைக்கு வந்த ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு வெள்ளாடு. கட்டிப் போட்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலிருந்து டைக்காரத் தம்பி "மேடம், அந்தப் பக்கம் வேணாம் மேடம், வாங்க பாதாம் பால் சாப்பிடலாம்" என்று ஓடிவந்தான். அவன் சத்தத்தைக் கேட்டு சைட் சூப்பர்வைசரும் வந்துவிட்டார். பெயர் பாண்டி. நாற்பது வயசிருக்கும். தலையில் துண்டு, கையில் டேப்.

"அம்மா, அங்க போகாதீங்க. செய்வினை வச்சிருக்கு" என்றார்.

"என்னது?"

"செய்வினைம்மா. எவனோ எங்க ஓனருக்கு ஆகாதவன் வச்சிருக்கான். ரெண்டு மாசம் முன்னாடி ஜேசிபி அந்த மரத்துக்கிட்ட வந்தப்ப, வேர் இடுக்குல ஒரு டப்பா. திறந்து பாத்தா..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துணிப் பொம்மை ஒண்ணு. ஊக்கு. உடைஞ்ச வளையல். ஒரு பையன் போட்டோ. ஒரு நோட்டு நெறையா பேரும் தேதியும். வெளிநாட்டுப் பேரு எல்லாம் இருக்கும்மா. எம்புட்டுப் பேரைக் கட்டி வச்சிருக்கான் பாருங்க."

நான் ஜாபர் பாயைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு விசில் வேற" என்றார் பாண்டி. "அதை ஊதுனா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?"

விசில் இருக்கிறது! எனக்கு உயிர் வந்தது.

"எல்லாத்தையும்விட மேல ஒரு சீட்டு இருந்துச்சு. சிவப்புல எழுதி. 'இதைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிடவும்'னு. ஜேசிபி ஓட்டுற தம்பி அதைப் படிச்சவன் அப்படியே வண்டியை விட்டு எறங்கிட்டான். ரெண்டு நாளு காய்ச்சல். சொன்ன மாதிரியே ஆளுக வேற வர ஆரம்பிச்சிட்டாங்க. போனைக் கையில வச்சுக்கிட்டு மண்ணையே பாத்துக்கிட்டு நடக்குறாங்க. நேத்துகூட கோயம்புத்தூர்லருந்து புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு."

அந்தச் சீட்டை எழுதியவள் நான். தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம் வரக்கூடாதே என்று நல்ல எண்ணத்தில் எழுதினேன். ஏன் சிவப்பில் எழுதினேன்? முப்பது வருஷம் பேப்பர் திருத்திய கை. என் வீட்டில் வேறு கலர் பேனா கிடையாது.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"பூசாரியக் கூட்டியாந்தோம். பக்கத்து ஊருதான். அவரு பாத்துட்டு, இது பொல்லாத வினை, வேற யாரும் தொடக் கூடாது, வச்சவங்க கையாலதான் எடுக்கணும், அதுவரைக்கும் இந்த மரத்துல ஒரு இலையக்கூட கிள்ளக் கூடாதுன்னுட்டாரு. துணியைச் சுத்தி இருந்த இடத்துலயே வச்சாச்சு. அவரு மட்டும் ரொம்ப தைரியமானவரு. தெனமும் அவரு ஆட்டைக் கொண்டாந்து உள்ள கட்டுறாரு."

ஆடு நிழலில் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த ஜில்லாவிலேயே மூளை உள்ள மனிதர் அந்தப் பூசாரி ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நான் யார்? பௌதிக டீச்சர். கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது என்று சொன்ன பிள்ளைகளை வெளியில் கூட்டிவந்து நிறுத்தி, பிஸ்கெட் கொடுத்துச் சாப்பிட வைத்தவள். வாசலில் பூசணிக்காய் கட்டுகிறவர்களை இதே பக்கத்தில் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஐயா, இது விளையாட்டு. நான் வைத்த டப்பா. பயப்படாதீர்கள்.' டப்பாவை எடுத்து, விசிலைக் கைப்பையில் போட்டு, நாளைக்கே கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறிவிடலாம். யானுக்கு போட்டோ அனுப்பலாம். ஐந்து மாதப் பொய்க்கு ஒரு முடிவு கட்டலாம்.

வாயைத் திறந்தேன். அதற்குள் பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"ஏம்மா... நீங்க வச்சதா?"

எப்படிக் கண்டுபிடித்தாரோ. குற்றவாளி முகம் அப்படித்தான் இருக்கும்போல. ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. ஆசை இருந்தது.

"நீங்கன்னா சொல்லிருங்கம்மா. போலீசு கீலீசுன்னு ஒண்ணும் போக மாட்டோம். உங்க கையால எடுத்துட்டுப் போயிருங்க. புண்ணியமாப் போகும். ஜேசிபி அந்தா நிக்குது. பத்து நிமிச வேலை. நாப்பத்தேழு கார்னர் பிளாட்டும்மா, இந்த ஒரு மரத்தால விக்காம கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. மஞ்சளாக, கையை மடக்கிக்கொண்டு.

"நோட்டை மட்டும்... உள்ள இருக்கற ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கலாமா?" என்றார் ஜாபர் பாய், பட்டும் படாமலும்.

"அதெப்படி பாய்? உங்களதுன்னா முழுசா எடுங்க. இல்லேன்னா தொடாதீங்க."

நியாயம்தான். மாந்திரீகத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அதில் ஒரு அம்மா — என் வயசிருக்கும், முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள் — என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எடுக்காதீங்கக்கா. இது ஒண்ணுதான் நெழலு. இதுவும் போச்சுன்னா நாங்க ஜேசிபிக்கு அடியில உக்காந்துதான் சாப்பிடணும்."

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வேன். நாலு மனு எழுதினேன். எத்தனை மரம், என்ன மரம், எத்தனை வகைப் பறவை என்று சுத்தமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஒரு மரம் பிழைக்கவில்லை. படித்த படிப்பு, எழுதிய எழுத்து, ஒன்றும் உதவவில்லை. ஒரு துணிப் பொம்மையும் நாலு ஊக்கும் உதவியிருக்கிறது. இந்த நாட்டில் உண்மையைச் சொன்னால் மரம் விழும், பொய் சொன்னால் நிற்கும் என்றால், ஒரு டீச்சர் என்னதான் செய்வது?

அந்தப் பக்கம் யான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் குழாய் மாட்டிக்கொண்டு, போனில் மேப்பைத் திறந்துவைத்து, ஒரு புள்ளி நகருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர். இந்தப் பக்கம் ஒரு உசிலை, ஏழெட்டுத் தூக்குவாளி, ஒரு ஆடு. இருபதடி தூரத்தில் விசில். கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"என்னதில்லீங்க" என்றேன்.

பாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"பிளாட் பார்க்க."

அவ்வளவுதான். டைக்காரத் தம்பிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மணி நேரம். கிழக்குப் பார்த்தது, வடக்குப் பார்த்தது, குழந்தைகள் பார்க், வாக்கிங் போக நிழற்சாலை. நிழற்சாலைக்கு எங்கே தம்பி மரம் என்று கேட்டேன். "வைப்போம் மேடம்" என்றான். பாதாம் பால் இரண்டு டம்ளர். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதையும் குடித்துத் தொலைத்தேன்.

திரும்பி வரும்போது சமயநல்லூர் தாண்டியதும் ஜாபர் பாய் வேனின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் சொன்னார். "அல்லா மன்னிக்கட்டும் டீச்சர். நாம செஞ்சது சரியா தப்பான்னே தெரியல."

"எனக்கும் தெரியல பாய்" என்றேன். மனசு ஆறவேயில்லை.

அன்று யானுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். செய்வினைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? ஒரு பௌதிக டீச்சர் ஒரு வெளிநாட்டு ரயில்வே கார்டிடம், 'உங்கள் விசில் பேய் விசில் ஆகிவிட்டது, அதை எடுத்தால் மரத்தை வெட்டிவிடுவார்கள், எடுக்காவிட்டால் அது கன்னியாகுமரிக்கு எந்தக் காலத்திலும் போகாது' என்று எப்படி எழுதுவது? மூன்று தடவை எழுதி அழித்தேன். நாலாவது தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் போய் மறந்துவிட்டு வந்தது, வெயிட்டிங் லிஸ்ட் பொய், எல்லாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நாலு இடத்தில் இருந்தது. மரத்தின் போட்டோ ஒன்றையும் சேர்த்தேன். ஆடு தெரிகிற மாதிரி.

இரண்டு வாரத்துக்கு மேல் பதில் இல்லை. தினமும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கோபித்துக்கொண்டார் என்று ஒரு நாள் நினைத்தேன். அதைவிட மோசமாக என்னென்னவோ நினைத்தேன். வீட்டுக்காரர் "ஒரு விசிலுக்காடி இம்புட்டு?" என்றார். எழுந்து போய்விட்டேன்.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. இன்ஃபெக்ஷன் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாராம், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாராம். சின்ன மெயில்தான். அப்படியே தருகிறேன்.

'ரயில் கார்டுக்கு விசில் எதற்கு என்று எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள். ஊதுவதற்கு என்று. ஊதுவது ஒரு நொடி வேலை. யாரோ ஒரு பாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள், யாரோ ஒருவன் பிள்ளையை ஏற்றிக்கொண்டிருக்கிறான் — அவர்கள் ஏறி முடிக்கும்வரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறோமே, அதுதான் வேலை. நான் ஊதாதவரை ரயில் நகராது. என் விசிலை அங்கேயே விட்டுவிடுங்கள். அது டியூட்டியில் இருக்கிறது. அந்தப் பெண்கள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.'

கீழே ஒரு வரி. 'ஆடு யாருடையது?'

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு இதை ஜாபர் பாய்க்குப் படித்துக் காட்டினேன். அவர் கடையில் கூட்டம். தக்காளிக் கூடை கேட்டு வந்தவரை நிறுத்திவைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். கல்லாவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள். அந்த ஓனர் நாளைக்கே வேறொரு பூசாரியைக் கூட்டிவரலாம். தைரியமான ஜேசிபிக்காரர் ஒருவர் எங்கிருந்தாவது வந்து சேரலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இன்றைய தேதிக்கு என் நாலு மனுவுக்கு நிற்காத ஜேசிபி, ஊதாத ஒரு விசிலுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வாடிப்பட்டிப் பக்கம் போகிற வாசகர்கள் யாராவது உசிலை மரத்தடியில் சிவப்புத் துணி சுற்றிய டப்பாவைப் பார்த்தால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்ல வேண்டாம் — அது என்னுடையது இல்லை.